பஜனையின் கடைசி ஆள்

மூச்சு மடத்தில் அன்றைக்கு மூச்சுப் பயிற்சி இல்லை.

பாய்கள் சுருட்டியபடியே மூலையில் கிடந்தன. மரகதம்மா மேற்குப் பக்கத்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டிருந்தார். கதவுக்கு அடியில் இருந்த சந்தில் ஈரச் சாக்கைச் சுருட்டி வைத்துக் காலால் அழுத்தினார்.

மார்கழி பஜனையை முடித்துக்கொண்டு தெய்வநாயகம் அப்போதுதான் உள்ளே வந்தார். நெற்றியில் நாமம், கழுத்தில் துளசி மாலை, மூக்கைச் சுற்றி ஒரு துண்டு.

"என்னம்மா, மடத்துக்கு லீவா?"

"கதவைச் சாத்திட்டுப் பேசுங்க அண்ணே. புகையெல்லாம் உங்க கூடவே உள்ள வருது."

குரு சீடனை அண்ணே என்று கூப்பிடுவதும், சீடன் குருவை அம்மா என்று கூப்பிடுவதும் அந்த மடத்து வழக்கம். மரகதம்மாவுக்கு நாற்பது வயதுதான். தெய்வநாயகம் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பாதி ஆயுளை டீசல் புகையில் கழித்துவிட்டு, மாடிப்படி ஏறினாலே இளைக்கிற நிலைமையில் மடத்துக்கு வந்தார். மரகதம்மா அவருக்குப் பொறுமையாக மூச்சு விடச் சொல்லிக் கொடுத்தார். இப்போது தெய்வநாயகம் பாட்டை எடுத்தால் ஒரு வீதி முடிகிற வரை குரல் இறங்காது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கொஞ்சம் என்பது அவர் சொல்கிற கணக்கு.

"நான் சீக்கிரமே வந்துட்டேன். பாயைப் போடட்டுமா?"

"இன்னிக்கு இழுத்து விடற பயிற்சி கிடையாது. மலை தெரியுதா பாருங்க."

தெய்வநாயகம் கிழக்கு ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தார். மலை இருக்க வேண்டிய இடத்தில் அழுக்குத் துணியைத் தொங்கவிட்ட மாதிரி இருந்தது.

"பனி," என்றார்.

"பனி கண்ணை எரிக்குமா?"

தெய்வநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரியாத் தூங்கல. அதான் எரியுது."

மரகதம்மா சிரித்துவிட்டார்.

குன்றடிப்பட்டு ஊரைச் சுற்றிலும் கரும்புதான். வெட்டு முடிந்த கொல்லைகளில் காய்ந்து கிடக்கும் கரும்பு இலைச் சோகையைப் பொழுது சாய்கிற நேரத்தில் கொளுத்துவார்கள். வெயில் காலமாக இருந்தால் புகை மேலே போய்விடும். மார்கழிக் குளிரில் அதற்கு எழுந்திருக்க மனசு வராது. விருந்துக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி ஊருக்குள்ளேயே படுத்துவிடும். சூரியன் நன்றாக மேலே வந்து, சுளீரென்று உறைத்த பிறகுதான் எழுந்து போகும். அந்த வாரம் நாலு பக்கமும் வெட்டு. நாலு பக்கமும் தீ.

"கொளுத்தாதீங்கன்னு அவங்ககிட்டச் சொல்ல வேண்டியதுதானேம்மா?"

"சொல்லிட்டுத்தான் இருக்கேன். அவங்க நிறுத்தற வரைக்கும் நாம மூச்சு விடாம இருக்க முடியுமா? அதான் ஜன்னலைச் சாத்தறேன்."

"ஊதுவத்திகூட ஏத்தலையே?"

"வெளியில இருக்கிற புகை போதாதா? உள்ளயும் நாமளே தயாரிக்கணுமா?"

தெய்வநாயகம் மூக்கில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். மூக்கு ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு இருந்தது. அதை அவர் பார்க்கவில்லை. மரகதம்மா பார்த்தார்.

"பஜனை நடந்துச்சா?"

"நடக்காம? நாலு வீதியும் சுத்திட்டுத்தான் வரேன்."

"மலை தெரியற வரைக்கும் போகாதீங்க அண்ணே."

தெய்வநாயகம் தனக்கு ஏதோ தவறாகக் கேட்டுவிட்டது போல நிமிர்ந்தார்.

"போகாம இருக்கறதா?"

"வெறுமனே உட்கார்ந்திருந்தா உள்ள போற காத்து கொஞ்சம். நடந்தா அதிகம். நடந்துகிட்டே உரக்கப் பாடினா அதைவிட அதிகம். இந்தக் காத்தை அவ்வளவு இழுக்க வேண்டாம்."

"மார்கழிக் காத்து மருந்தும்மா. விடியற்காலையில வெளியில நடந்தாலே நோய் போகும்னு எங்க வாத்தியார் பள்ளிக்கூடத்துலயே சொல்லியிருக்காரு."

"அவர் சொன்னப்போ இந்த ஊர்ல இவ்வளவு கரும்பு இருந்துச்சா?"

"கேழ்வரகு இருந்துச்சு."

"கேழ்வரகுத் தாளைக் கொளுத்தினாங்களா?"

"மாடு தின்னுடும்."

"அந்தக் காத்துக்குச் சொன்னார் போல."

தெய்வநாயகத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. குன்றடிப்பட்டின் மார்கழி பஜனையை ஆரம்பித்தவர் அவருடைய அப்பா. புயல் அடித்த வருஷத்தில்கூட அவர் குடையைப் பிடித்துக்கொண்டு நாலு வீதியும் சுற்றினார் என்று ஊரில் பேசுவார்கள். அவருக்குப் பிறகு கண்ணாடி விளக்கை ஏந்திக்கொண்டு முதலில் நடப்பவர் தெய்வநாயகம். இதுவரை ஒரு நாளும் நின்றதில்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். தப்பா நினைக்காதீங்க. சாமிக்குச் செய்யறதுக்குக்கூடக் காத்து பார்க்கணுமா?"

மரகதம்மா கடைசி ஜன்னலின் கொக்கியை மாட்டினார். அது சரியாக விழவில்லை. மறுபடி தூக்கி மாட்டினார்.

"நாளைக்கும் போறதாத்தான் இருக்கீங்களா?"

"போகலேன்னா எனக்குச் சோறு இறங்காது."

"சரி, போங்க. ஆனா கடைசியா நடங்க."

"என்னது?"

"எல்லாருக்கும் பின்னாடி. உங்களுக்குப் பின்னாடி ஒருத்தரும் இருக்கக் கூடாது."

"விளக்கு என் கையில இருக்கே."

"வேற கையில கொடுங்க."

"பாட்டை யார் எடுக்கறது?"

"யாராவது எடுப்பாங்க. நீங்க பாடாதீங்க. இதைப் போட்டுக்கிட்டு நடங்க." அலமாரியிலிருந்து ஒரு மாஸ்க்கை எடுத்துக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் போடுகிற மாதிரி கெட்டியானது, முன்னால் கூம்பாக இருந்தது. "துண்டு மண்ணைத்தான் நிறுத்தும். புகை அதுக்குள்ள பூந்து வரும்."

தெய்வநாயகம் மாட்டிப் பார்த்தார்.

"மூக்கு வெளியில இருக்கே அண்ணே."

"மூக்கையும் மூடணுமா?"

"மூச்சு எது வழியா விடறீங்க?"

அவர் மேலே இழுத்துவிட்டார். மரகதம்மா கம்பியை மூக்கோடு சேர்த்து அழுத்தச் சொன்னார். ஓரத்தில் சந்து இருக்கிறதா என்று பார்த்தார். காலையில் சரியாகச் சவரம் செய்யச் சொன்னார். தாடி இருந்தால் ஒட்டாதாம்.

"இதைப் போட்டுக்கிட்டு நான் போனா, பஜனைக்கு வந்திருக்கேனா, ஆபரேஷனுக்கு வந்திருக்கேனான்னு கேப்பாங்க."

"கடைசியாத்தானே வரப் போறீங்க? யார் பார்க்கப் போறாங்க?"

*

மறுநாள் இருட்டோடு எல்லாரும் பெருமாள் கோயில் வாசலில் கூடினார்கள். முந்தின நாளைவிடப் புகை கனமாக இருந்தது. தெருவிளக்கைச் சுற்றி மஞ்சளாக ஒரு வட்டம், அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

தெய்வநாயகம் விளக்கை வள்ளிக்கண்ணுவிடம் நீட்டினார். வள்ளிக்கண்ணு, மத்தளம் வாசிக்கிற சிங்காரவேலுவின் சம்சாரம்.

"எனக்கா?" என்று அவள் இரண்டு கையையும் பின்னால் மறைத்துக்கொண்டாள். "என்னண்ணே, உடம்புக்கு ஏதாவதா?"

"ஒண்ணும் இல்ல. மடத்து உத்தரவு. பிடி."

"எண்ணெய் சிந்திடப் போவுது."

"சிந்தாது. நேராப் பிடிச்சுக்கிட்டு நட. பாட்டையும் நீயே எடு."

சிங்காரவேலு கழுத்தில் மத்தளத்தை மாட்டிக்கொண்டே சிரித்தான். அவன் டெய்லர். தெய்வநாயகத்துக்குச் சின்ன வயசிலிருந்து கூட்டாளி. "அண்ணன் தரிசனம் பண்ண முடியாதபடி மூஞ்சியைக் கட்டிக்கிட்டு வந்திருக்காரு. பெருமாள் பயந்துடப் போறாரு."

"நீ வாசிடா."

வள்ளிக்கண்ணு பாட்டை எட்டாத சுருதியில் எடுத்துவிட்டாள். இரண்டாவது அடியில் அவளுக்கே சிரிப்பு வந்தது. பெண்கள் சேர்ந்துகொண்டு அதைக் கீழே இறக்கினார்கள். கூட்டம் நகர்ந்தது. தெய்வநாயகம் எல்லாரையும் முன்னால் விட்டுவிட்டுக் கடைசியாக நடந்தார். கையில் ஒன்றும் இல்லாமல் நடப்பது அவருக்கு என்னவோ போல இருந்தது. ஜால்ராவையாவது எடுத்து வந்திருக்கலாம்.

முன்னால் நடக்கும்போது அவருக்குத் தன் குரல்தான் கேட்கும். வேறு எதுவும் கேட்டதில்லை. இன்றைக்கு அவர் பாடவில்லை. முதலில் அவருக்குக் கேட்டது இருமல்.

யாரோ ஒரு குழந்தை இருமியது. அதன் அம்மா முந்தானையால் அதன் வாயை மூடினாள். இன்னொருவர் இருமினார். ஒருவர் ஓரமாக ஒதுங்கித் துப்பிவிட்டு ஓடி வந்து சேர்ந்துகொண்டார். மாசமாக இருந்த ஒரு பெண் மேலவீதி முனையில் ஒரு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். "நீங்க போங்க, நான் பின்னாடியே வரேன்," என்று கையைக் காட்டினாள். அவள் வரவில்லை. தினமும் இந்த இடத்தில் உட்கார்ந்து விடுகிறாளோ என்று தெய்வநாயகத்துக்குத் தோன்றியது. கேட்கத் தெரியவில்லை.

மூலையில் நாலைந்து பேர் குளிருக்குப் பழைய டயரைக் கொளுத்திக் கையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பஜனை வந்ததும் மரியாதைக்காக எழுந்து நின்றார்கள். டயர் எரிந்துகொண்டே இருந்தது. கூட்டம் அந்தக் கறுப்புப் புகைக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. பாட்டில் ஒரு வரியைக் காணோம்.

மத்தளமும் நின்றிருந்தது.

கொஞ்ச தூரம் போய் மறுபடி ஆரம்பித்தது. அடுத்த திருப்பத்தில் மறுபடி நின்றது. சிங்காரவேலு திருப்பங்களில் நிறுத்தி வாசிப்பது தெய்வநாயகத்துக்குத் தெரியும். அதைப் பற்றிப் போன வாரம்கூட நாலு பேர் முன்னால், "என்னமா ஒரு இடைவெளி கொடுக்கிறான் பாரு," என்று பாராட்டியிருக்கிறார்.

இப்போது பின்னாலிருந்து பார்த்தார். நிறுத்திய இடத்தில் சிங்காரவேலுவின் இரண்டு தோள்களும் காது வரைக்கும் ஏறி இறங்கின. கழுத்து நரம்பு விடைத்திருந்தது. அவன் ஒரு சுவரைப் பார்த்துத் திரும்பி, சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து வாயில் வைத்தான். அழுத்தினான். குலுக்கினான். மறுபடி அழுத்தினான்.

தெய்வநாயகம் கிட்டே போனார். இளைப்புக்காரர்கள் வைத்திருக்கிற பம்பு அது.

"டேய். என்னடா இது?"

"ஒண்ணும் இல்ல. நீ போ." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"எத்தனை நாளா?"

"மார்கழி பொறந்ததுல இருந்து."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"எப்படிச் சொல்றது?" சிங்காரவேலு சுவரில் கையை ஊன்றினான். "நீ முன்னாடி போயிடறே. மத்தளம் நின்னா பஜனை நின்னுடும். உங்க அப்பா காலத்துல இருந்து நிக்காதது... என்னாலயா நிக்கணும்?"

"பம்பு அடிச்சியா?"

"காலி."

பாட்டு முன்னால் போய்க்கொண்டே இருந்தது. புகைக்குள் விளக்கு சின்னதாகத் தெரிந்தது. இன்னும் இரண்டு வீதி பாக்கி. தெய்வநாயகம் விளக்கைப் பார்த்தார். சிங்காரவேலுவைப் பார்த்தார். அவனுடைய உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

தெய்வநாயகம் மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டு, பஸ்ஸில் கத்துகிற மாதிரி கத்தினார்.

"ஓல்டேய்ன்!"

பாட்டு பட்டென்று நின்றது. அந்தக் குரலுக்கு நிற்காத வண்டி அந்த வட்டாரத்தில் கிடையாது.

"பஜனை அவ்வளவுதான். எல்லாரும் வீட்டுக்குப் போங்க. பேசாம, மெதுவா நடந்து போங்க. போய்க் கதவைச் சாத்திக்குங்க. ஒரு ஆட்டோ வேணும். சீக்கிரம்!"

மத்தளத்தை அவன் கழுத்திலிருந்து எடுத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். தன் மாஸ்க்கை அவனுக்குப் போடப் போனார். அவன் தலையை ஆட்டி மறுத்தான். அவனுக்கு அப்போது எதையும் முகத்தில் வைக்க முடியவில்லை. நேராக உட்கார வைத்து, சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டார்.

"உதட்டைக் குவிச்சு விடுடா. சூடா இருக்கிற காப்பியை ஊதற மாதிரி. மெதுவா. இன்னும் மெதுவா. நான் இருக்கேன்."

*

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிங்காரவேலுவுக்கு மெஷின் வைத்து ஆவி மருந்து கொடுத்தார்கள். பக்கத்தில் ஆக்சிஜனும் ஓடியது.

வள்ளிக்கண்ணு பின்னால் வந்த இன்னொரு ஆட்டோவிலிருந்து இறங்கி உள்ளே ஓடி வந்தாள். நர்ஸ் அவளைப் பார்த்து அலறினாள்.

"ஏம்மா! விளக்கோட எங்க வரே? ஆக்சிஜன் போவுது. வெளியில போய் அணை!"

அப்போதுதான் வள்ளிக்கண்ணு தன் கையைப் பார்த்தாள். கண்ணாடி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சொட்டு எண்ணெய் சிந்தவில்லை.

"அண்ணன்தான் நேராப் பிடின்னாரு," என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். வெளியே போய் அணைத்துவிட்டு வந்து மறுபடி அழுதாள்.

கொஞ்ச நேரத்தில் சிங்காரவேலுவின் தோள்கள் கீழே இறங்கின. உதட்டில் நிறம் வந்தது. நர்ஸ் அவன் விரலில் கிளிப்பை மாட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். பிறகு தெய்வநாயகத்தின் பக்கம் திரும்பினாள்.

"இந்தப் புகையில இவரை வெளியில நடக்கச் சொன்னது யாரு?"

தெய்வநாயகம் கழுத்தில் மத்தளத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"நான்தான்," என்றார்.

"இளைப்பு இருக்கிறவங்க, குழந்தைங்க, மாசமா இருக்கிறவங்க, வயசானவங்க, நெஞ்சு வலி வந்தவங்க, இவங்க எல்லாம் இந்தக் காலையில வாசல் தாண்டக் கூடாது. இவங்களைத்தான் முதல்ல பாதிக்கும்."

"அவங்களை விட்டா பஜனைக்கு யாருமே இல்லையேம்மா."

"அப்போ பெருமாளைக் கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொல்லுங்க. எங்க டாக்டரே ஒன்பது மணிக்குத்தான் வராரு."

மெஷின் முகமூடிக்குள்ளிருந்து சிங்காரவேலு ஏதோ சொன்னான். தெய்வநாயகம் குனிந்து காதைக் கொடுத்தார்.

"மாஸ்க்கைக் கிண்டல் பண்ணாதேன்னு சொன்னியே... இப்ப என் மூஞ்சியைப் பாரு."

"நீ பேசாம இருடா. நான் எப்போ அப்படிச் சொன்னேன்?"

"மனசுல சொன்னே."

*

மத்தியானமே அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு பம்பும் கொடுத்தார்கள். சாயங்காலம் தெய்வநாயகம் மடத்துக்கு வந்தார். வழக்கமாக நடுவில் உட்காருகிறவர், கதவோரமாக உட்கார்ந்தார்.

மரகதம்மா தரையை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பெருக்கினால் தூசி கிளம்பும் என்று அந்த வாரம் முழுக்கத் துடைப்பத்தை எடுக்கவில்லை.

"கடைசியா நடந்தீங்களா அண்ணே?"

"நடந்தேன்."

"பாட்டு எப்படி இருந்துச்சு?"

"பாட்டா? இருமல்தான் கேட்டுச்சு."

மரகதம்மா துணியைப் பிழிந்தார். தண்ணீர் கறுப்பாக விழுந்தது.

"சிங்காரவேலுவுக்கு இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாது. தெரிஞ்சிருந்தா வாசல்லயே மறிச்சிருப்பேன். உங்களையும் சேர்த்துத்தான்."

"அப்புறம் ஏன் கடைசியா நடக்கச் சொன்னீங்க?"

"நான் சொல்லி நீங்க நிக்கல. உங்க காது சொன்னா நிப்பீங்கன்னு தோணுச்சு."

தெய்வநாயகத்தின் கண்கள் இப்போதும் சிவந்துதான் இருந்தன. புகையினால் என்று சொல்வதற்கு மடத்துக்குள் புகை இல்லை.

"திருப்பத்துல அவன் நிறுத்தறதைப் பாராட்டினேன்மா. நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"சிரிச்சான்."

மரகதம்மா உள்ளே போய் இரண்டு டம்ளரில் சுக்குக் காப்பி கொண்டுவந்தார். ஒன்றை அவருக்குக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். ஊதி ஊதிக் குடித்தார்கள்.

"இனி என்ன செய்யறது, சொல்லுங்க."

"காலையில எழுந்ததும் மலையைப் பாருங்க. தெரிஞ்சா வழக்கம் போலப் போங்க. தெரியலேன்னா வெயில் ஏறி, புகை எழுந்து போற வரைக்கும் இருங்க. போனதும் சுத்துங்க. அப்பவும் போகலேன்னா, கோயில் மண்டபத்துக்குள்ள கதவைச் சாத்திட்டு உட்கார்ந்து, மெதுவான குரல்ல பாடுங்க. கற்பூரத்தை மட்டும் அன்னிக்கு விட்டுடுங்க."

"டயர்?"

"அதை நான் போய்ப் பேசிக்கறேன். ஆளுக்கு ஒரு கம்பளி வாங்கிக் கொடுத்தா டயரைத் தேட மாட்டாங்க."

"ஊர் என்ன சொல்லும்?"

"நாலு சொல்லும். போய்க் கேட்டுட்டு வாங்க."

தெய்வநாயகம் போனார். நாலு வீதியிலும் வீடு வீடாக நின்று சொன்னார்.

"நாளைக்கு விடியக்காலை டிரிப் கேன்சல். மலை தெரிஞ்சப்புறம்தான் வண்டி. இருமல் இருக்கிறவங்க மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்தா போதும். நாங்க சுத்திட்டு வந்து சேர்ந்துக்கறோம்."

கீழவீதியில் ஒரு பெரியவர் வாசலுக்கே வந்து மடக்கினார். "ஏன்யா, பஜனையும் பஸ்ஸும் ஒண்ணா உனக்கு? வெயில்ல பாடினா அது மார்கழி பஜனையா? உங்க அப்பன் இருந்தா உன்னைச் செருப்பால அடிச்சிருப்பான்."

"அடிச்சிருப்பாரு. பஜனையில ரெண்டாவது வீதியில ஒருத்தன் மூச்சு நின்னுருந்தா அதுக்கும் அடிச்சிருப்பாரு."

"நான் நல்லாத்தானேய்யா நடக்கறேன்," என்றார் பெரியவர். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. வீட்டுக்குள்ளிருந்து அவருடைய மருமகள், "கண்டக்டர் மாமா, நீங்க போங்க, நான் பார்த்துக்கறேன்," என்றாள்.

மேலவீதி முனையில் மாசமாக இருந்த அந்தப் பெண் கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரு தட்டு நிறையச் சுண்டல் கொண்டுவந்து கொடுத்தாள்.

*

மறுநாள் யாரும் எழுப்பாமலேயே அதே நேரத்துக்குத் தெய்வநாயகத்துக்கு விழிப்பு வந்துவிட்டது. குளித்தார். நாமம் போட்டார். வாசலுக்கு வந்து மலை இருக்கிற பக்கம் பார்த்தார். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. கண் எரிந்தது. திரும்ப உள்ளே போய் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

முடியவில்லை. மாஸ்க்கை மாட்டி, மூக்குக் கம்பியை அழுத்தி, ஓரத்தில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு, மெதுவாக மடத்துக்கு நடந்தார்.

மரகதம்மா அடுப்பில் பால் வைத்திருந்தார். இவரைக் கண்டதும் கதவைத் திறந்து உள்ளே இழுத்துக்கொண்டு, சட்டென்று சாத்தினார். ஈரச் சாக்கைக் காலால் தள்ளினார்.

"என்ன அண்ணே, தூக்கம் வரலையா?"

"உடம்பு அங்கேயே போகுதும்மா. காலைக் கட்டிப் போட்டாத்தான் நிக்கும் போல இருக்கு."

"உட்காருங்க. பால் குடிங்க."

அவர் உட்காரவில்லை. பக்கத்தில் பெருமாள் கோயிலில் அர்ச்சகர் நடை திறக்கிற சத்தம் கேட்டது. இரும்புச் சாவி திரும்பியது. பெரிய கதவு முனகியது. அந்தக் கதவு முனகுகிறபோது பஜனை வாசலில் இருக்க வேண்டும். பாட்டைக் கேட்டுத்தான் பெருமாள் கண் விழிப்பார். அவருடைய அப்பா அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். பிறந்ததிலிருந்து தெய்வநாயகம் அதை நம்பிக்கொண்டிருந்தார்.

தெருவில் ஒரு சத்தமும் இல்லை. வெறும் கதவு மட்டும் திறந்தது.

தெய்வநாயகத்துக்குத் தாங்கவில்லை.

"நடை திறந்துட்டாங்கம்மா. ஒரு வாய் பாட்டு இல்ல. சாமியை யார் எழுப்பறது?"

மரகதம்மா பொங்கி வந்த பாலை ஊதி அடக்கினார். அடுப்பைக் குறைத்தார். ஒரு தூக்கில் பாலை ஊற்றி, மூடி போட்டு, அவர் கையில் கொடுத்தார்.

"சாமி தானா எழுந்துக்குவார் அண்ணே. சிங்காரவேலு எழுந்தாச்சான்னு போய்ப் பாருங்க."